மேனாம்பேட்டு நாற்காலி

போன மாதம் அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். புதிதாகச் சேர்ந்தவளாம். "சார், இப்பல்லாம் நாங்க யார் வீட்டுக்கும் போறதில்லை. பசங்களே வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிடறாங்க. ஆனா போட்டோவைப் பார்த்தா ஒண்ணும் புரியலை. யாருக்கு உண்மையிலேயே தேவைன்னு நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? எங்களுக்கு ஒரு நாள் வந்து சொல்லணும்" என்றாள். நானும் பெரிய மனிதத் தோரணையில் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் யோசித்தேன். என்ன சொல்வது? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சைக்கிள் மிதித்து, கல்லூரிக்குப் போக உதவித்தொகை கேட்ட பிள்ளைகளின் வீடுகளைப் பார்த்து எழுதுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, 'ஏழையின் கண்ணீரை அறிந்தவர்' என்றெல்லாம் பேசினார்கள். அப்போதும் குழப்பமாகத்தான் இருந்தது. இப்போதும் அப்படியே. அதனால் பேசப் போவதற்கு முன்னால் நடந்ததை எழுதிப் பார்க்கிறேன். படித்துப் புரிந்தவர்கள் எனக்கும் சொல்லட்டும்.

வேலையில் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. அறுபதுகளின் நடுவில், ஊரில் பிழைப்பில்லாமல் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த மாமா வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நாங்கள் எஸ்டேட் என்போம், ஒரு கம்பெனியில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்த முதலாளி தன் அப்பா பெயரில் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தபோது, "உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் இல்லையா?" என்று கேட்டு என்னை அங்கே அனுப்பிவிட்டார். என் தகுதி அவ்வளவுதான். மற்றதெல்லாம் ராஜம்மாள் அம்மா கற்றுக்கொடுத்தது.

ராஜம்மாள் அம்மா அறக்கட்டளையின் செயலாளர். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைத்து முடிக்கும்வரை எதிரில் நிற்பவனுக்கு மூச்சே வராது.

வீட்டு விசாரணைக்கு அவர் சில கட்டளைகள் வைத்திருந்தார். சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. முன்கூட்டியே தபால் கார்டு போட வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. பானையின் மூடியைத் திறக்கச் சொல்லக் கூடாது. குடிக்க எது கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. "கஷ்டப்படறவங்க வீட்டுல சொல்லாம நுழையறது போலீஸ் வேலை. அதுக்கு நம்மகிட்ட வாரண்ட் இல்லை" என்பார்.

திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும். அதில் மூன்று பகுதி: கண்டது, கேட்டது, கருதியது. சுவர் மண்சுவர் என்றால் கண்டது. அப்பாவுக்கு வேலை இல்லை என்று அவர்கள் சொன்னால் கேட்டது. பாவம் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றினால் அது கருதியது. ஒன்றை இன்னொன்றில் கலந்தால் தொலைந்தேன். கருதியது பகுதியைப் படித்துவிட்டுச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவார். "அடிக்கத்தான் போறீங்கன்னா எதுக்கும்மா எழுதச் சொல்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "அங்க எழுதாட்டி அது கண்டதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், சுந்தரம்" என்றார். புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

நான் சொல்ல வந்தது எஸ்டேட்டுக்குப் பக்கத்திலிருந்த மேனாம்பேடு சமாசாரம். அந்த வருடம் எல்லாம் முடிந்து உதவித்தொகையில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி இருந்தது. கேட்டவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே மேனாம்பேடு, அடுத்தடுத்த சந்து. ஒருத்தி வசந்தா. அவளுக்கு நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். இன்னொருவன் ஏழுமலை. அவன் கேட்பது இரண்டாவது தடவை. முந்தைய வருடம் அவன் வீட்டுக்கும் நான்தான் போனேன். ஒரு பாய், ஒரு சிம்னி விளக்கு, கிணறு வெட்டும்போது இடுப்பு ஒடிந்து படுத்துவிட்ட அப்பா கன்னியப்பன், மூக்கொழுகும் ஒரு தங்கச்சி. கண்டதை அப்படியே எழுதினேன். கமிட்டிக்குத் தலைவரான முதலாளி அதைப் படித்துவிட்டு, 'குடும்பம் மிகவும் நலிந்தது, பையன் படிப்பைத் தொடர்வது சந்தேகம்' என்று அவனுக்கே எழுதி, மனுவைத் தள்ளிவிட்டார். பாதியில் நின்றுவிடுவான், பணம் வீண் என்பது அவர் எண்ணம். அவர் கெட்டவர் இல்லை. வியாபாரி.

முதலில் வசந்தா வீட்டுக்குப் போனேன். ஜூன் மாத வெயில். மண்சுவர், ஓலைக் கூரை. குனிந்து உள்ளே போனால் நடுவில் கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்று ஜம்மென்று நிற்கிறது. இடது கைப்பிடியில் பச்சை பெயின்ட் சிந்திக் காய்ந்த தடம். அதற்கு எதிரில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு டேபிள் ஃபேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாமா வீட்டிலேயே டேபிள் ஃபேன் கிடையாது.

வசந்தாவின் அம்மா முனியம்மா, எஸ்டேட்டில் ஷெட் கட்டும் இடங்களில் கலவை சுமக்கும் சித்தாள். "குந்து சார், நல்லா சாஞ்சிக் குந்து" என்று நாற்காலியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. டம்ளரில் 'ஆறுமுகம்' என்று பெயர் வெட்டியிருந்தது. வியர்வை ஊற்றுகிறது. ஃபேன் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது. முனியம்மா என் பக்கத்தில் நின்று பனையோலை விசிறியால் எனக்கு விசிறுகிறார்.

ஃபேனைப் போடச் சொல்லலாமா, அது மரியாதையா, கரண்டை மிச்சம் பிடிக்கிறார்களா என்று யோசித்து யோசித்து, கேட்க வேண்டிய கேள்விகளில் பாதியை மறந்துவிட்டேன். "வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"செங்கச் சூளைல கல்லறுக்கறார் சார். மழை வந்தா அதுவும் இல்ல."

மூலையில் நின்ற வசந்தா என்னைப் பார்க்கவே இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதற்கோ நேரமாகிவிட்ட மாதிரி. நான் எழுந்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ரோட்டோரக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு ஏழுமலை வீட்டுச் சந்துக்குத் திரும்பினேன். எனக்கு முன்னால் ஒரு பெண் டேபிள் ஃபேனை இடுப்பில் குடம் மாதிரி இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறாள். அவளுக்கு முன்னால் ஓர் அம்மாள், தலைகீழாகக் கவிழ்த்த நாற்காலியைத் தலைமேல் வைத்துக்கொண்டு போகிறார். பெண் திரும்பிப் பார்த்தாள். வசந்தா. என்னைக் கண்டதும், "யம்மா, சீக்கிரம் போ! வந்துட்டாரு!" என்று கத்தினாள். இரண்டு பேரும் ஏழுமலை வீட்டுக்குள் நுழைந்து கொல்லைப்புறமாக மறைந்துவிட்டார்கள்.

நான் சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். உள்ளே போவதா, திரும்பிப் போவதா? இப்போது பார்த்தது 'கண்டது' பகுதியில் வருமா? தெருவில் பார்த்ததையும் எழுத வேண்டுமா? ஒன்றும் விளங்காமல் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துச் செருப்பை விட்டேன்.

உள்ளே அதே நாற்காலி. அதே பச்சைத் தடம். அதே ஃபேன். பாயில் படுத்திருந்த கன்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். தங்கச்சி கலா ஃபேனின் கம்பிகளை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"குந்துங்க சார்" என்றான் ஏழுமலை. ஒரு வருடமாக லேத் பட்டறையில் எடுபிடி வேலை செய்ததில் கையெல்லாம் கிரீஸ் ஏறியிருந்தது.

"போன வருஷம் நாற்காலி இல்லையேப்பா?"

"இந்த வருசம் கீது சார்" என்றான். என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

அறிக்கையை எழுதி ராஜம்மாள் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் எப்போதும் போல வேறு யாரோ எழுதியதைப் படிக்கிற குரலில் உரக்கப் படித்தார். இரண்டு வீட்டிலும் நாற்காலி, இரண்டு வீட்டிலும் ஃபேன். பிறகு கேட்டார்.

"ஃபேன் ஓடுச்சா?"

"இல்லைம்மா."

"ஒயர் எங்க போச்சு?"

யோசித்தேன். ஒயர் ஸ்டூல் காலில் சுற்றியிருந்தது. சுவரில் பிளக் கிடையாது. வீட்டில் கரண்டே கிடையாது. அந்த இரண்டு சந்திலுமே கிடையாது. கரண்ட் இல்லாத வீட்டில் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து, அதை ஏன் போடவில்லை என்று மனதுக்குள் குறைபட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். தெருவில் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். துடைத்துக்கொண்டே கேட்டவர், "அதையும் எழுதுங்க. நீங்க கண்டதுதானே?" என்றார்.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. இரண்டு வீட்டாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். முதலாளி அறிக்கையைப் படித்ததும் மேசையைத் தட்டினார். "ஏம்மா, இது என்ன கூத்து? நாற்காலி, ஃபேன், எவர்சில்வர் எல்லாம் இருந்தா இவங்களுக்கு நம்ம பணம் எதுக்கு? இல்ல, இரவல் வாங்கி வெச்சாங்கன்னா அது பொய். பொய்யான தகவல் கொடுத்தா ரத்துன்னு நம்ம விதியிலயே இருக்கு. எப்படிப் பார்த்தாலும் ரெண்டு பேருக்கும் கிடையாது."

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. பொருள் இருந்தாலும் கிடையாது, இரவல் என்றாலும் கிடையாது, போன வருடம் ஒன்றுமே இல்லாதபோதும் கிடையாது. அப்படியானால் அந்த வீட்டில் என்னதான் இருக்க வேண்டும்?

ராஜம்மாள் அம்மா அமைதியாக, "சுந்தரம், 'கேட்டது' பகுதியைப் படிங்க. ஃபேன் எங்களோடதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்றார்.

படித்தேன். யாரும் சொல்லவில்லை.

"வந்தவருக்கு நாற்காலி போட்டாங்க. இவர் உட்கார்ந்தார். இதுல பொய் எங்க இருக்கு?" என்றார் அம்மா.

முதலாளி விடவில்லை. முனியம்மாவையும் வசந்தாவையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். ஏழுமலை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் அவன் காதில் விழும்.

"அந்த ஃபேன் யாரோடதும்மா?" என்று கேட்டார் முதலாளி.

முனியம்மா மகளைப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது. எங்களுடையது என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் மகள் முன்னால் அவமானம். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சைக்கிள் கடை ஆறுமுகம் அண்ணாத்தயோடது சார். சேரும் அவருதுதான், டம்ளரும் அவருதுதான். இப்ப இன்னா அதுக்கு? போன வருசம் கன்னியப்பன் புள்ளைக்கு நீங்கதான எழுதினீங்க, ரொம்ப நலிஞ்ச குடும்பம், எங்க படிக்கப் போறான்னு? அந்தக் காயிதத்த அவன் தெருவுல எல்லாருக்கும் படிச்சிக் காட்டினான் சார். ஊடு காலியா இருந்தா படிப்பு குடுக்க மாட்டாங்கன்னு அப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. என் பொண்ணுக்கும் அப்படி எழுதிட்டா நான் இன்னா பண்ணுவேன்? அதான் சேர் போட்டேன்."

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. அறிக்கையை மூடி வைத்துவிட்டு, "அப்ப நான் எதைப் பார்த்துத்தாம்மா கொடுக்கறது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கும் உண்மையாகவே தெரியவில்லை என்று பட்டது.

"பொண்ணப் பாத்துக் குடு சார்" என்றார் முனியம்மா.

முதலாளி வசந்தாவைப் பார்த்தார். "இடம் ஒண்ணுதான்மா இருக்கு. அந்தப் பையன் ரெண்டாவது தடவையா வந்திருக்கான். அவன் வீட்டுக்கு நீயே நாற்காலி தூக்கிட்டுப் போயிருக்க. நல்ல மனசு. அவனுக்கு விட்டுக் கொடுக்கறியா?"

ராஜம்மாள் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்வி என்று அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது. ஆனால் வசந்தா யோசிக்கவே இல்லை.

"மாட்டேன் சார். நாற்காலி குடுத்தேன். காலேஜு குடுக்க மாட்டேன்."

முனியம்மா அவள் கையைக் கிள்ளினார். அவள் கையை உதறிவிட்டு அப்படியே நின்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உடனே, எதற்குக் கோபப்படுகிறோம் என்றும் தோன்றியது. கதவுக்கு வெளியே பார்த்தேன். ஏழுமலை தன் கையில் ஏறியிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

வசந்தாவுக்குக் கொடுத்தார்கள். கொஞ்சம் மதிப்பெண் அதிகம் என்று காரணம் எழுதினார்கள். ஏழுமலையை உள்ளே கூப்பிட்டு முதலாளி தன் கம்பெனியிலேயே வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஏழுமலை சரி என்றான். வெளியே வந்ததும் வசந்தாவிடம், "சேரை சைக்கிள் கடைல குடுத்துட்டேன். ஃபேன் மட்டும் எங்கூட்ல கீது, வந்து எடுத்துனு போ" என்று சொல்லிவிட்டு நடந்தான். அவள் தலையாட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

எல்லோரும் போன பிறகு ராஜம்மாள் அம்மா ஜன்னலோரம் நின்று, "அவன் வேலை கேட்டா வந்தான், சுந்தரம்?" என்றார். இனிமேல் வீட்டில் எதை எழுத வேண்டும் என்று கேட்டேன். "வந்தவருக்காக வெச்சது வேற, வீட்டுல இருக்கறது வேற. ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க" என்றார். "எப்படிம்மா பிரிக்கறது?" என்றேன். "அதுக்குத்தானே உங்களை அனுப்பறேன்" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

வசந்தா படித்து முடித்துப் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். "இன்னும் ஏழுமலைய நேராப் பாக்க முடியல சார். ஆனா நான் தப்பு பண்ணேன்னு நெனைக்கல" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

எழுபதுகளின் நடுவில், ராஜம்மாள் அம்மா ஓய்வெடுத்துக்கொண்டு போன பிறகு, மேனாம்பேட்டிலிருந்து ஒரு மனு வந்தது. க. கலா, தகப்பன் பெயர் கன்னியப்பன், காலம் சென்றவர். கார்டு போட்டுவிட்டுப் போனேன். சந்தில் இப்போது கரண்ட் கம்பம் நின்றது. ஏழுமலை வீட்டுக்குக் கீற்றுப் போய் ஓடு வந்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எதனால் கிடைத்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியாது.

வாசலில் ஏழுமலை நின்றிருந்தான். மீசை வைத்து ஆள் பெருத்திருந்தான். கம்பெனியில் ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருப்பான் போல, காக்கிச் சட்டை. அவன் கையில் கைப்பிடி வைத்த மர நாற்காலி. இடது கைப்பிடியில் பச்சைத் தடம். நான் அதையே பார்ப்பதைக் கவனித்தான்.

"ஆறுமுகம் அண்ணாத்த கடைய மூடறப்போ வாங்கினேன் சார். இப்ப நெசமாவே எங்களுதுதான்."

"நல்லதுப்பா" என்றேன்.

அவன் நகரவில்லை. வாசற்படியில் நாற்காலியைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கலா சுவரோடு ஒட்டி நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"சார், நீங்கதான் ரெண்டு தபாவும் வந்தீங்க. மொத தபா சேர் இல்ல, எனக்குக் கெடைக்கல. ரெண்டாந் தபா சேர் இருந்துச்சு, அப்பவும் கெடைக்கல. இவளுக்காவது கெடைக்கணும். சொல்லுங்க சார், இத உள்ள போடட்டுமா, எடுத்துடட்டுமா?"

அவன் குத்திக் காட்டவில்லை. கிண்டலும் இல்லை. விவரம் தெரிந்த ஆளிடம் வழி கேட்கிற மாதிரிதான் கேட்டான். அத்தனை வருடம் வீடு வீடாகப் போன எனக்குத்தான் பதில் தெரிந்திருக்க வேண்டும். ராஜம்மாள் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அதுவும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியலை, ஏழுமலை" என்றேன்.

அவன் நாற்காலியை உள்ளேயும் போடவில்லை, வெளியேயும் எடுக்கவில்லை. நான் செருப்பை விட்டுவிட்டு அதைத் தாண்டி உள்ளே போய், கேட்க வேண்டியதையெல்லாம் நின்றுகொண்டே கேட்டேன். அவனும் நின்றான். அவன் தங்கச்சியும் நின்றாள்.